டிவியில் கேம் ஆடும்போது எச்டிஆர் வெளுத்துத் தெரிகிறதா? எங்கிருந்து பார்ப்பது, எந்த வரிசையில் பார்ப்பது

கணினியை டிவியோடு இணைத்து எச்டிஆரை (வெளிச்சத்தையும் நிறத்தையும் சாதாரணப் படத்தைவிட அதிக வீச்சில் காட்டும் முறை) ஆன் செய்ததும் படம் சாயம் போன துணி மாதிரி ஆகிவிட்டதா? கருப்பு சாம்பலாகி, சிவப்பு வெளிறி, எச்டிஆர் இல்லாமலே இதைவிட நன்றாக இருந்ததே என்று தோன்றுகிறதா? சரி, முதலில் ஒரு வேண்டுகோள். ரிமோட்டை எடுத்து கான்ட்ராஸ்ட்டையும் கலரையும் ஏற்ற ஆரம்பிக்காதீர்கள். வெளுப்பு என்பது ஒரே கோளாறு இல்லை. விண்டோஸ், கிராபிக்ஸ் கார்டு, கேபிள், டிவியின் எச்டிஎம்ஐ நுழைவு, டிவியின் படச் செட்டிங், கடைசியாக கேமுக்குள் இருக்கும் அளவுகள் என்று இத்தனை இடத்தில் எதில் பிசகினாலும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும். பிசகிய இடத்தை விட்டுவிட்டு டிவியில் கலரை ஏற்றினால் இன்றைக்குச் சரியாகிவிட்டது போல இருக்கும், நாளைக்கு வேறொரு கேமைத் திறந்தால் முகமெல்லாம் ஆரஞ்சு நிறத்தில் நிற்கும்.

ஏற்கெனவே டிவியில் எதையெதையோ மாற்றி வைத்திருந்தால், கணினி மாட்டியிருக்கும் அந்த நுழைவுக்கு மட்டும் படச் செட்டிங்கை ரீசெட் செய்துவிட்டு வாருங்கள். இங்கே சொல்வது விண்டோஸ் 11-ஐ மனதில் வைத்து. விண்டோஸ் 10-லும் பாதிக்கு மேல் பொருந்தும், ஆனால் ஆட்டோ எச்டிஆரும் (எச்டிஆர் இல்லாத கேமைத் தானாக எச்டிஆராக மாற்றும் வசதி) விண்டோஸ் எச்டிஆர் கேலிப்ரேஷன் செயலியும் அதில் கிடையாது.

எங்கே வெளுக்கிறது?

எதையும் தொடுவதற்கு முன் இதற்குப் பதில் தெரிந்தாக வேண்டும். டெஸ்க்டாப்பும் பிரவுசரும் மட்டும் வெளுத்து, கேமுக்குள் போனால் நன்றாக இருக்கிறதா? எல்லா இடத்திலும் கருப்பு சாம்பலாக இருக்கிறதா? டெஸ்க்டாப் பரவாயில்லை, ஒரு கேம் மட்டும் மோசமா? இல்லை, டிவியில் பார்க்க நன்றாக இருந்து, எடுத்த ஸ்கிரீன்ஷாட் மட்டும் வெளுத்திருக்கிறதா?

ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான் என்றால் உங்கள் டிவியில் கோளாறே இல்லை. எச்டிஆர் படத்தைச் சாதாரணப் படமாகச் சுருக்கும்போது மென்பொருள் செய்யும் குளறுபடி அது. விண்டோஸின் கேம் பாரில் எடுத்தால் சாதாரணப் படத்தோடு ஜேஎக்ஸ்ஆர் என்ற எச்டிஆர் கோப்பும் சேர்ந்து வரும், அதை எச்டிஆர் திரையில் திறந்து பார்த்தால் நிஜ நிறம் தெரியும். இந்த ஒரு விஷயத்தை வைத்து டிவி செட்டிங்கை மாற்றிக்கொண்டு அலைய வேண்டாம்.

டெஸ்க்டாப் மட்டும் வெளுக்கிறது என்றாலும் பெரிய கவலை இல்லை. காரணம் இதுதான். எச்டிஆர் ஆன் ஆனதும் விண்டோஸ் முழுத் திரையையும் எச்டிஆர் சிக்னலாக அனுப்புகிறது, அதற்குள் சாதாரண ஜன்னல்களையும் படங்களையும் எஸ்டிஆர் (எச்டிஆர் அல்லாத சாதாரண வகை) அளவில் பொருத்தி வைக்கிறது. அப்படிப் பொருத்தும்போது அது பயன்படுத்துவது எஸ்ஆர்ஜிபி வளைவு, அதாவது படத்தின் எண்களை வெளிச்சமாக மாற்றும் ஒரு கணக்கு. நம் டிவிகளும் மானிட்டர்களும் சாதாரணப் படத்தைக் காட்டப் பழகியிருப்பது காமா 2.2 என்ற வளைவுக்குப் பக்கத்தில். இரண்டும் நடுத்தர வெளிச்சத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும், இருட்டான பகுதியில் மட்டும் எஸ்ஆர்ஜிபி கொஞ்சம் தூக்கிக் காட்டும். அடர் சாம்பல் தீம் வைத்திருப்பவர்களுக்கு இது உடனே கண்ணில் படும். எச்டிஆரில் நேரடியாக எழுதப்பட்ட கேமுக்கு இது பொருந்தாது, அது தன் வெளிச்ச அளவைத் தானே சொல்லிவிடும்.

டெஸ்க்டாப்பின் வெளிச்சத்துக்கு ஒரு ஸ்லைடர் இருக்கிறது. செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, எச்டிஆர் என்று போனால் ‘எஸ்டிஆர் கன்டென்ட் பிரைட்னஸ்’ என்று இருக்கும். 0-இல் வைத்தால் வெள்ளை நிறம் 80 நிட் (நிட் என்பது திரை வெளிச்சத்தின் அளவு), 100-இல் வைத்தால் 480 நிட். 30-க்குப் பக்கத்தில் வைத்தால் 200 நிட் வரும், வெளிச்சம் குறைவான அறைக்கு அது போதும். மங்கலாகத் தெரிகிறது என்று பலர் இதைக் கடைசிவரை தள்ளிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் டெஸ்க்டாப் கண்ணைக் குத்தும், அங்கிருந்து கேமுக்குள் போகும்போது கேம் மங்கலாகத் தோன்றும். கேமில் எதுவும் குறையவில்லை, கண் முந்தைய வெளிச்சத்துக்குப் பழகியிருக்கிறது, அவ்வளவுதான்.

எல்லா இடத்திலும் வெளுப்பு, அல்லது கேமுக்குள்ளும் வெளுப்பு என்றால் தொடர்ந்து படியுங்கள்.

டிவிக்கு எச்டிஆர் என்று தெரிந்திருக்கிறதா?

எச்டிஆர்10 சிக்னலில் வெளிச்சம் பிக்யூ என்ற வளைவில் எழுதப்பட்டிருக்கும், 10,000 நிட் வரை இடம் விட்டு. நிறம் ரெக் 2020 என்ற பெரிய எல்லைக்குள் எழுதப்பட்டிருக்கும். இதைப் பெறும் டிவி, ‘இது எச்டிஆர்’ என்று புரிந்துகொண்டு அதே வளைவில் பிரித்துக் காட்டினால்தான் படம் படமாக இருக்கும். புரியாமல் சாதாரண சிக்னல் என்று நினைத்துக் காட்டினால், கான்ட்ராஸ்ட் சப்பையாகி, நிறம் எல்லாம் செத்துப்போய்த் தெரியும். இதுதான் வெளுப்பிலேயே மிக மோசமான வகை, கண்டுபிடிக்கவும் எளிது.

விண்டோஸ் + ஆல்ட் + B அழுத்துங்கள். எச்டிஆர் ஆன் அல்லது ஆஃப் ஆகும். ஆன் ஆகும்போது திரை ஒரு கணம் கருப்பாகி, டிவியின் ஒரு மூலையில் எச்டிஆர் என்ற சின்னம் வந்து மறைய வேண்டும். தவறவிட்டால் ரிமோட்டில் இன்ஃபோ பட்டனை அழுத்தியோ படச் செட்டிங்கைத் திறந்தோ பார்க்கலாம், பெரும்பாலான டிவிகளில் பட முறையின் பெயரோடு எச்டிஆர் என்று ஒட்டியிருக்கும்.

சின்னம் வரவில்லை, அல்லது விண்டோஸிலேயே எச்டிஆர் சுவிட்ச் தெரியவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது டிவியின் எச்டிஎம்ஐ நுழைவை. பல டிவிகளில் ஒவ்வொரு நுழைவையும் தனித்தனியாகத் திறந்துவிட வேண்டியிருக்கும். சாம்சங்கில் இதன் பெயர் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘எச்டிஎம்ஐ டீப் கலர்’, சோனியில் ‘எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட்’ என்ற இடத்தில் ‘என்ஹான்ஸ்டு’. மற்ற டிவிகளிலும் இதே மாதிரி ஏதாவது ஒரு பெயரில் இருக்கும். நீங்கள் மாட்டியிருக்கும் அதே நுழைவுக்கு அதை ஆன் செய்யுங்கள், எச்டிஎம்ஐ 1-க்கு ஆன் செய்துவிட்டு கேபிள் எச்டிஎம்ஐ 3-இல் இருந்தால் பலனில்லை. பல டிவிகளில் நான்கு நுழைவு இருந்தாலும் இரண்டில்தான் முழு வேகம் கிடைக்கும், பின்பக்கம் 4கே 120 என்றோ அதுபோலவோ எழுதியிருப்பதைப் பாருங்கள்.

அப்புறம் கணினிப் பக்கம். மானிட்டரும் டிவியும் இரண்டுமே மாட்டியிருந்து, ஒரே படத்தை இரண்டிலும் காட்டும் ‘டூப்ளிகேட்’ முறையில் இருந்தால், இரண்டுக்கும் பொதுவான திறனுக்கு விண்டோஸ் இறங்கிவிடும். எச்டிஆர் தெரியாத மானிட்டர் பக்கத்தில் இருந்தால் டிவியிலும் எச்டிஆர் போய்விடும். விண்டோஸ் + P அழுத்தி ‘செகண்ட் ஸ்கிரீன் ஒன்லி’ தேர்ந்தெடுங்கள். டிவியில் ஆடும்போது இந்த முறைதான் என் சிபாரிசு, எந்தத் திரையின் அளவுகளை கேம் எடுத்துக்கொள்கிறது என்ற குழப்பமே வராது. அப்படியே செட்டிங்ஸில் ‘அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே’ பக்கத்தைத் திறந்து, டிவியைத் தேர்ந்து, கலர் ஸ்பேஸ் என்ற வரியில் எச்டிஆர் என்று இருக்கிறதா பாருங்கள். எச்டிஆர் பக்கத்தில் டால்பி விஷன் என்று தனியாக ஒரு சுவிட்ச் தெரிந்தால், சோதனை முடியும்வரை அதை அணைத்து வையுங்கள்.

நடுவில் சவுண்ட்பாரோ ஆம்ப்ளிஃபயரோ இருந்தால் அதைக் கழற்றிவிட்டு கணினியை நேராக டிவியில் மாட்டிப் பாருங்கள். லேப்டாப்பில் யூஎஸ்பி சி-யிலிருந்து எச்டிஎம்ஐ-க்கு மாற்றும் அடாப்டர் போட்டிருந்தாலும் அப்படித்தான், எல்லா அடாப்டரும் எச்டிஆரைக் கடத்தாது.

கருப்பு ஏன் சாம்பலாகிறது: ஃபுல், லிமிடெட்

டிவியில் எச்டிஆர் சின்னம் சரியாக வருகிறது, ஆனாலும் கருப்பு கருப்பாக இல்லை. இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும், ஏனென்றால் இதை நான் மற்ற எல்லாவற்றையும்விட முதலில் சந்தேகப்படுவேன்.

கணினி உலகத்தில் கருப்பு என்பது 0, வெள்ளை என்பது 255. வீடியோ உலகத்தில் பழைய வழக்கப்படி கருப்பு 16, வெள்ளை 235. முதலாவது ஃபுல் ரேஞ்ச், இரண்டாவது லிமிடெட் ரேஞ்ச். 10 பிட்டில் எண்கள் மாறும், கதை அதேதான். இதில் எதுவும் மற்றதைவிட உசத்தி இல்லை, அனுப்புகிறவரும் பெறுகிறவரும் ஒரே முறையில் இருந்தால் படம் ஒன்றுபோலத்தான் வரும். சிக்கல் ஒத்துப்போகாதபோதுதான். கார்டு லிமிடெட்டில் 16-ஐ அனுப்புகிறது, டிவியோ ஃபுல் என்று நினைத்துக்கொண்டு அந்த 16-ஐ 16-ஆகவே காட்டுகிறது. கருப்பாக வர வேண்டியது அடர் சாம்பலாக வருகிறது, வெள்ளை 235-இலேயே நின்றுவிடுவதால் உச்ச வெளிச்சமும் குறைகிறது. மேலும் கீழும் நசுங்கிய அந்தப் படம்தான் நீங்கள் பார்க்கும் வெளுப்பு. தலைகீழாக ஒத்துப்போகாவிட்டால், அதாவது கார்டு ஃபுல், டிவி லிமிடெட் என்றால், வெளுக்காது, இருட்டுப் பகுதி எல்லாம் மையைக் கொட்டியதாகி விவரமே தெரியாமல் போகும்.

சோதிப்பது சுலபம். பெயின்ட் செயலியில் முழுக்கக் கருப்பாக ஒரு படம் செய்து முழுத் திரையில் திறந்து, அறை விளக்கை அணைத்துவிட்டு, திரையின் ஓரம் டிவி சட்டத்தைத் தொடும் இடத்தைப் பாருங்கள். ஓலெட் டிவி என்றால் திரை எங்கே முடிகிறது, சட்டம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியக் கூடாது. லேசாக ஒரு சாம்பல் ஒளி தெரிந்தால் ரேஞ்ச் ஒத்துப்போகவில்லை என்று கிட்டத்தட்ட முடிவே கட்டலாம். எல்சிடி டிவியில் பின்விளக்கு எப்போதும் கொஞ்சம் கசியும், அதனால் ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். டிவிக்குள்ளேயே இருக்கும் ஏதாவது ஒரு வீடியோ செயலியில் மேலும் கீழும் கருப்புப் பட்டை வரும் படத்தை ஓட்டிப் பாருங்கள். அந்தப் பட்டையின் கருப்பைவிடக் கணினியின் கருப்பு தெளிவாக வெளுத்திருந்தால் கோளாறு ரேஞ்சில்தான்.

என்விடியா கார்டு என்றால் என்விடியா கன்ட்ரோல் பேனலில் ‘சேஞ்ச் ரெசல்யூஷன்’ பக்கம். கீழே ‘யூஸ் என்விடியா கலர் செட்டிங்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் நான்கு பெட்டிகள் திறக்கும். அதில் ‘அவுட்புட் கலர் ஃபார்மட்’ ஆர்ஜிபி, ‘அவுட்புட் டைனமிக் ரேஞ்ச்’ ஃபுல் என்று வையுங்கள். டிவியை டிவியாகவே அடையாளம் கண்டுகொண்டு டிரைவர் தானாக லிமிடெட்டுக்குப் போய்விடுவது உண்டு, பலருக்கு இந்த ஒரு மாற்றத்திலேயே வேலை முடிந்துவிடும். ஏஎம்டி என்றால் அட்ரினலின் செயலியில் டிஸ்ப்ளே பக்கத்தில் ‘பிக்சல் ஃபார்மட்’, அதில் 4:4:4 ஆர்ஜிபி, ஃபுல் என்று எழுதியிருப்பது. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ துளை தனி கார்டோடு இல்லாமல் பிராசஸரோடு இருக்கும் கிராபிக்ஸோடு இணைந்திருந்தால் என்விடியா பேனலில் இந்தப் பக்கமே தெரியாது. அப்போது இன்டெல் அல்லது ஏஎம்டியின் செயலியில் இதே செட்டிங்கைத் தேடுங்கள்.

டிவிப் பக்கத்தில் சாம்சங்கில் ‘எச்டிஎம்ஐ பிளாக் லெவல்’, எல்ஜியில் ‘பிளாக் லெவல்’, சோனியில் ‘எச்டிஎம்ஐ வீடியோ ரேஞ்ச்’. முதலில் ஆட்டோவில் வைத்துப் பாருங்கள், சரியாக வந்துவிட்டால் அதோடு விடுங்கள். வராவிட்டால் ஒவ்வொன்றாக மாற்றி, அதே கருப்புப் படத்தைப் பாருங்கள். லோ, ஹை, நார்மல் என்ற பெயர்களை நம்பிப் போக வேண்டாம், எது எதைக் குறிக்கிறது என்று டிவிக்கு டிவி மாறும், கண்ணால் பார்த்து முடிவு செய்வதே நல்லது. கருப்பு கருப்பாகவும், இருட்டான காட்சியில் விவரம் மறையாமலும் இருக்கும் இணைதான் சரியானது.

அந்தச் செட்டிங் சாம்பலாகி, தொடவே முடியாமல் இருக்கிறதா? பெரும்பாலும் கணினி ஆர்ஜிபிக்குப் பதிலாக ஒய்சிபிசிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் தனித்தனியாகப் பிரித்து அனுப்பும் வகை) அனுப்புகிறது என்று அர்த்தம். அந்த வகையில் ரேஞ்ச் எப்போதும் லிமிடெட், டிவிக்கும் அது தெரியும், அதனால் தேர்வுக்கு இடமில்லை. ஆர்ஜிபியில் எவ்வளவு முயன்றும் கருப்பு ஒத்துவரவில்லை என்றால் வேண்டுமென்றே ஒய்சிபிசிஆருக்கு மாறிவிடுவதும் நல்ல வழிதான். நிற விவரம் குறையாத 4:4:4-ஆக இருந்தால் படத்தில் கண்ணுக்குத் தெரிகிற இழப்பு எதுவும் இருக்காது.

கேபிளும் பிட்டும்

இங்கே நீண்ட நேரம் நிற்க வேண்டாம், ஆனால் ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்ய வேண்டும். ‘8 பிட் வித் டிதரிங்’ என்று விண்டோஸ் காட்டுவதைப் பார்த்துவிட்டு வெளுப்புக்குக் காரணம் அதுதான் என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது காரணம் இல்லை. பிட் (நிறத்துக்கு எத்தனை படிகள் என்பதைத் தீர்மானிப்பது) குறைந்தால் வானம் போன்ற இடங்களில் நிறம் படிப்படியாக, பட்டை பட்டையாகத் தெரியலாம், கருப்பு சாம்பலாகாது. அதேபோல நிற விவரத்தைக் குறைத்து அனுப்பும் 4:2:2, 4:2:0 என்று இறங்கினால் நிறமுள்ள சிறிய எழுத்துகளின் விளிம்பு மங்கும், படம் வெளுக்காது.

ஏன் 8 பிட்டுக்கு இறங்குகிறது என்றால் இடம் போதாததால்தான். எச்டிஎம்ஐ 2.0-இல் நொடிக்கு 18 கிகாபிட். 4கே, 60 ஹெர்ட்ஸ், ஆர்ஜிபி என்றால் 8 பிட்டிலேயே அது நிரம்பிவிடும். 10 பிட் வேண்டும் என்றால் 4:2:2-க்கு இறங்க வேண்டும், அல்லது எச்டிஎம்ஐ 2.1-க்குப் போக வேண்டும். 4கே 120 ஹெர்ட்ஸ் 10 பிட் ஆர்ஜிபிக்கு ஏறக்குறைய 40 கிகாபிட் தேவை, அதற்கு ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ சான்று பெற்ற கேபிள் வேண்டும். கேபிள் தாங்கவில்லை என்றால் படம் விட்டுவிட்டு வரும், புள்ளி புள்ளியாக மின்னும், திடீரென்று கருப்பாகும், அல்லது அந்தத் தெரிவே பட்டியலில் இருக்காது. வெளுப்பு மட்டும்தான் உங்கள் பிரச்சினை என்றால் புதுக் கேபிளுக்குச் செலவு செய்யாதீர்கள்.

டிவியின் எச்டிஆர் செட்டிங் வேறு, சாதாரண செட்டிங் வேறு

டிவிகள் எச்டிஆர் சிக்னலுக்கென்று ஒரு தனித் தொகுப்பு படச் செட்டிங் வைத்திருக்கும். எஸ்டிஆரில் எத்தனை நேரம் செலவழித்துச் சரிசெய்திருந்தாலும் அது இங்கே வராது. அதனால் எச்டிஆர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செட்டிங்கைத் திறந்து பாருங்கள்.

கேம் மோடில் வையுங்கள். மின் சேமிப்பு, அறை வெளிச்சத்துக்கு ஏற்பத் தானே மாறும் வசதி, இரண்டையும் அணைத்துவிடுங்கள், எச்டிஆர் படம் மங்கிப்போக இவை இரண்டுமே போதும். பின்விளக்கு, ஓலெட்டில் பிக்சல் பிரைட்னஸ், உச்சத்தில் இருக்கட்டும். எல்சிடி டிவியில் லோக்கல் டிம்மிங் (பின்விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதி) இருந்தால் அதையும் ஹையில் வையுங்கள், கேம் மோடுக்குப் போனதும் இதைத் தாழ்த்திவிடும் டிவிகள் உண்டு. ‘பிரைட்னஸ்’ அல்லது ‘பிளாக் லெவல்’ என்று கருப்பின் அளவைத் தூக்கும் ஸ்லைடர் எதுவாக இருந்தாலும் அது ரீசெட் அளவிலேயே நிற்கட்டும். கேம் மோடில் நிழலைத் தூக்கிக்காட்டும் வசதி ஒன்று சில டிவிகளில் இருக்கும், இருட்டில் ஒளிந்திருக்கும் எதிரியைக் காட்டுவதற்காக வைத்தது. அது ஆனாக இருந்தால் கருப்பு கட்டாயம் வெளுக்கும். கலர் ஸ்பேஸ் ஆட்டோவில் இருக்கட்டும்.

இப்போது டோன் மேப்பிங், அதாவது டிவியின் திறனுக்கு ஏற்ப வெளிச்சத்தைச் சுருக்குவது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கேம் 4,000 நிட் வரை வெளிச்சம் அனுப்பலாம், உங்கள் டிவியால் 700 நிட்தான் முடியும் என்று வைத்துக்கொள்வோம். மிச்சத்தை யார் சுருக்குவது? திரைப்படத்தில் அது டிவியின் வேலை. ஆனால் கேமுக்கு உங்கள் டிவியின் உச்சம் எவ்வளவு என்று சொல்லிவிட முடியும், அது அதற்கேற்பத் தானே சுருக்கிக்கொள்ளும். கேமும் சுருக்கி, டிவியும் சுருக்கினால் ஒரே வேலை இரண்டு தடவை நடந்து, நடுத்தர வெளிச்சம் எல்லாம் மேலே தூக்கப்பட்டு, படம் தட்டையாகிவிடும். இதைத் தவிர்க்கத்தான் எச்ஜிஐஜி என்ற நடைமுறை வந்தது, டிவி தன் உச்சம் வரை வருவதை அப்படியே காட்டும், அதற்கு மேல் வருவதை வெட்டிவிடும். எல்ஜி டிவிகளில் ‘டைனமிக் டோன் மேப்பிங்’ என்ற இடத்திலேயே எச்ஜிஐஜி என்று ஒரு தெரிவு இருக்கும். மற்றவற்றில் அந்தப் பெயர் இல்லாவிட்டால் டோன் மேப்பிங்கை ஆஃபில் அல்லது மிகக் குறைந்த அளவில் வையுங்கள். டைனமிக் முறை முதலில் பார்க்கும்போது பளிச்சென்று இருக்கும் என்பது உண்மைதான், ஆனால் இரவுக் காட்சிகளில் தேவையில்லாத வெளிச்சத்தைக் கொண்டுவருவதும் அதுதான்.

விண்டோஸுக்கு டிவியின் அளவைச் சொல்லுங்கள்

டிவி தன் உச்ச வெளிச்சம் இவ்வளவு என்று கணினிக்குத் தானே ஒரு தகவல் கொடுக்கும். அது பல நேரம் உண்மைக்குப் பக்கத்தில்கூட இருக்காது. அதைச் சரிசெய்யத்தான் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசமாகக் கிடைக்கும் ‘விண்டோஸ் எச்டிஆர் கேலிப்ரேஷன்’ செயலி. மேலே சொன்ன டிவி செட்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் இதை ஓட்ட வேண்டும், முன்னாடியே ஓட்டினால் தவறான அளவுகள் பதிவாகிவிடும்.

திறந்ததும் வரிசையாக மூன்று சோதனைப் படங்கள். முதலாவது கருப்பு. திரையில் ஒரு கட்டம் கட்டமான வடிவம் தெரியும், அது கண்ணில் இருந்து மறையும் இடத்தில் ஸ்லைடரை நிறுத்த வேண்டும். ஓலெட்டில் இது 0-இல் அல்லது அதற்கு மிக அருகில் வரும். அப்படி வராமல் ரொம்ப மேலே போனால் ரேஞ்ச் இன்னும் சரியாகவில்லை என்று எடுத்துக்கொண்டு திரும்பிப் போய்ப் பாருங்கள். இரண்டாவது, சிறிய பகுதியில் உச்ச வெளிச்சம். மூன்றாவது, முழுத் திரையும் வெள்ளையாக இருக்கும்போது எவ்வளவு. இரண்டிலும் வடிவம் மறையும் இடம்தான் அளவு. எச்ஜிஐஜி அல்லது டோன் மேப்பிங் ஆஃப் இருந்தால் அந்த இடம் தெளிவாகத் தெரியும், எல்ஜி சி வரிசை ஓலெட் வைத்திருக்கிறவர்களுக்கு இது 800-ஐ ஒட்டி வருவதைப் பார்க்கலாம். டோன் மேப்பிங் ஆனில் இருந்தால் ஸ்லைடர் ஆயிரக்கணக்கில் போய்க்கொண்டே இருக்கும், வடிவம் மறையாது. கடைசியில் நிறத்தின் அடர்த்தியைக் கேட்கும், அதை ஏற்றாமல் அப்படியே விட்டுவிட்டுச் சேமியுங்கள்.

செயலி ஒரு கலர் ப்ரொஃபைலை உருவாக்கி அந்த டிவிக்கு இணைத்துவிடும். பழைய ப்ரொஃபைல்கள் ஏதாவது இருந்தால் ‘கலர் மேனேஜ்மென்ட்’ பக்கத்தில் அவற்றை நீக்கிவிடுங்கள். நைட் லைட்டும் அணைந்திருக்கட்டும்.

கேமுக்குள்

இவ்வளவும் சரி, ஆனால் ஒரு கேம் மட்டும் வெளுக்கிறது என்றால் கேமின் செட்டிங்கைத் திறங்கள். முதலில், கேமைத் தொடங்குவதற்கு முன்பே விண்டோஸில் எச்டிஆர் ஆனில் இருக்க வேண்டும். சில கேம்கள் தாமாகவே ஆன் செய்துகொள்ளும், பல செய்யாது, விண்டோஸில் ஆஃபாக இருந்தால் அந்தத் தெரிவையே ஒளித்துவைக்கும். ஆனில் இருந்தும் தெரிவு வரவில்லை என்றால் முழுத்திரை, பார்டர்லெஸ் இரண்டையும் மாற்றிப் பாருங்கள்.

அப்புறம் பொதுவாக மூன்று அளவுகள் இருக்கும், பெயர்கள் எப்படி இருந்தாலும். உச்ச வெளிச்சம்: கேலிப்ரேஷனில் கிடைத்த அதே எண்ணைப் போடுங்கள். பேப்பர் ஒயிட்: சாதாரண வெள்ளை, முகம், பகல் வெளிச்சம், எழுத்து எல்லாம் எந்த அளவில் நிற்க வேண்டும் என்பது. 200 நிட்டில் தொடங்குங்கள். வெளுப்புக்கு கேமுக்குள் இருக்கும் பெரிய காரணம் இதுதான், இதை 400, 500 என்று ஏற்றினால் சாதாரணப் பொருளே உச்சத்தைத் தொட்டுவிடும், சூரியனுக்கும் சுவருக்கும் வித்தியாசமே இருக்காது. மூன்றாவது கருப்பு அல்லது காமா: இதை நடுவில் விடுங்கள். ‘சின்னம் மங்கலாகத் தெரியும்வரை’ என்று கேம் கேட்டால், தெரியாமல் போகும் இடத்துக்கு ஒரு படி முன்னால் நிறுத்துங்கள், நன்றாகத் தெரியட்டும் என்று ஏற்றினால் அந்த கேமின் எல்லா இரவும் சாம்பல்தான்.

எச்டிஆரே இல்லாத பழைய கேம் என்றால் இரண்டு வழி இருக்கிறது. விண்டோஸின் ஆட்டோ எச்டிஆர் அல்லது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் எச்டிஆர். இரண்டில் ஒன்றுதான், சேர்த்து ஓட்டக் கூடாது. கேமிலேயே எச்டிஆர் இருந்தால் இரண்டும் வேண்டாம். ஆட்டோ எச்டிஆரில் இருட்டுப் பகுதி கொஞ்சம் தூக்கலாக வருகிறது என்று தோன்றினால் உங்கள் கண் பொய் சொல்லவில்லை, டெஸ்க்டாப்புக்குச் சொன்ன அதே எஸ்ஆர்ஜிபி வளைவு அங்கேயும் வேலை செய்கிறது. கேமின் காமாவை ஒரு படி குறைத்தால் ஓரளவு சரியாகும்.

எல்லாம் செய்தும் எச்டிஆரைவிட எஸ்டிஆரே நன்றாக இருந்தால்

அதுவும் நடக்கும். எச்டிஆர் சிக்னலை ஏற்றுக்கொள்ளும் எல்லா டிவிக்கும் எச்டிஆரைக் காட்டும் பலம் கிடையாது. உச்ச வெளிச்சம் 300 நிட்டைச் சுற்றி, லோக்கல் டிம்மிங்கும் இல்லாத எல்சிடி என்றால் ஒரே சமயத்தில் ஆழமான கருப்பும் பளிச்சென்ற வெள்ளையும் அதனால் முடியாது. கேமின் உச்ச அளவை அந்த 300-க்கு இறக்கி, பேப்பர் ஒயிட்டை 120-லிருந்து 150-க்குள் வைத்துப் பாருங்கள், கொஞ்சம் தேறும். அப்படியும் தேறாவிட்டால் விண்டோஸ் + ஆல்ட் + B அழுத்தி எச்டிஆரை அணைத்துவிட்டு, நன்றாகச் சரிசெய்த எஸ்டிஆரில் ஆடுங்கள். அந்த மாதிரி டிவியில் அதுதான் மேலான படம், அதில் குறைச்சல் எதுவும் இல்லை.

சரியாகிவிட்டவர்களுக்கு ஒரே ஒரு வேலை பாக்கி: என்விடியா அல்லது ஏஎம்டி பக்கத்தில் வைத்த ஃபார்மட், ரேஞ்ச், பிட் மூன்றையும், டிவியின் எச்டிஆர் செட்டிங்கையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிரைவர் அல்லது டிவியின் மென்பொருள் புதுப்பித்த பிறகு இவை பழைய நிலைக்குப் போய்விடக்கூடும், அப்போது மறுபடி வெளுத்தால் முதலில் திறக்க வேண்டியது அந்த ஃபுல், லிமிடெட் பெட்டியைத்தான்.